கோட்டைக்குள் இரவு தங்காதீர்கள்

அஜ்மீர் சியாரத்துக்குப் போய், அங்கிருந்து ஜெய்சல்மேர் வரை நீளும் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் கல்முனைக்குடிச் சகோதரர்களே, ராத்தாமார்களே, அவர்களைக் கூட்டிச் செல்லும் பயணக்குழு நடத்துநர்களே,



உங்கள் பயண நிரலில் 'தங்கக் கோட்டைக்குள் ஓர் இரவு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஜெய்சல்மேருக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போங்கள். தங்கக் கோட்டை எனப்படும் அந்தக் கோட்டைக்குள் ஏறுங்கள். பகல் முழுக்க அதன் சந்துகளில் நடந்து திரியுங்கள். அஸர் நேரத்து வெயில் மஞ்சள் கல்லில் விழுவதை நின்று பாருங்கள். இருட்டியதும் கீழே இறங்கி, கீழ் நகரில் உறங்குங்கள். கோட்டைக்குள் இருக்கும் விடுதிகளில் அறை எடுக்காதீர்கள், அங்கே குளிக்காதீர்கள், அங்கே உடுப்புத் துவைக்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைப் பொறுமையாக வாசியுங்கள்.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நம்புகிறேன், ஏனென்றால் நாம் ஒரே மண்ணில் வளர்ந்தவர்கள். நம் ஊர் மணலில் ஆள் மட்டத்துக்குத் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக் குளித்து வளர்ந்தோம். அந்தத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி எங்கேயோ போய்விடும், மறுநாள் காலையில் கிணறு மறுபடி நிறைந்திருக்கும். நிலம் தன்மேல் ஊற்றுவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும் என்ற எண்ணம் நம் இரத்தத்தில் ஊறியது. ஆனால் அது முழு உண்மை இல்லை என்பதையும் நாம்தான் பார்த்தோம். வீடுகள் நெருங்க நெருங்க, ஒரு வளவின் மலசலகூடக் குழியும் அடுத்த வளவின் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. வாப்பா காலத்தில் குடித்த கிணற்று நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயந்தோம். 2004 டிசம்பரில் சுனாமி வந்துபோன பிறகு எத்தனை கிணறுகளில் உப்பு ஏறியது, இறைத்து இறைத்து எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். தெற்கே ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு அதன் வடக்குப் பக்கமாகக் கரை அரிக்கப்பட்டு, தென்னைகள் வேரோடு கடலில் சரிந்ததையும் நிந்தவூர்வரை போய்ப் பார்த்தோம். மனிதன் ஓரிடத்தில் கைவைத்தால் நிலம் இன்னோரிடத்தில் பதில் சொல்லும் என்பதை நமக்கு யாரும் புத்தகத்தில் காட்டித் தர வேண்டியதில்லை.

ஜெய்சல்மேரிலும் நிலம் அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அது எப்படிப்பட்ட இடம் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், போவதற்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது. ராஜஸ்தானின் மேற்கு ஓரம், தார் பாலைவனம், அதற்கு அப்பால் பாகிஸ்தான் எல்லை. அஜ்மீரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீற்றர். 1156இல் பாட்டி ராஜபுத்திர குலத்து ராவல் ஜெய்சல் என்ற அரசன் திரிகூடம் எனப்படும் குன்றின்மேல் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினான். சிந்து நாட்டிலிருந்து டெல்லிக்கும் குஜராத்துக்கும் போன ஒட்டகச் சாத்துகள் இந்த வழியாகத்தான் போயின. அவற்றிடம் வாங்கிய வரியில் நகரம் கொழுத்தது, வணிகர்கள் கல்லைச் சரிகை போலச் செதுக்கிய மாளிகைகளைக் கட்டிக்கொண்டார்கள். டெல்லிச் சுல்தான்களின் முற்றுகைகளை அது கண்டது. பிறகு பம்பாய்த் துறைமுகம் எழுந்து வணிகம் கடல் வழியே திரும்பியது. 1947இல் எல்லைக்கோடு விழுந்ததும் மிஞ்சியிருந்த பாதையும் மூடிக்கொண்டது. சுற்றுலாக்காரர் வரத் தொடங்கியபோதுதான் அந்த ஊருக்கு மறுபடி மூச்சு வந்தது. சத்யஜித் ராய் 1974இல் எடுத்த 'சோனார் கெல்லா' படத்துக்குப் பிறகு வங்காளிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். உலகமும் பின்னால் போனது. 2013இல் ராஜஸ்தானின் இன்னும் ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இந்தக் கோட்டையையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நீங்கள் சிகிரியாவைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மன்னன் இல்லை, குடி இல்லை. டிக்கட் வாங்கி ஏறி, பார்த்து, இறங்குகிறோம். ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அதே மதிலுக்குள் பிறந்து, அதற்குள்ளேயே கலியாணம் முடித்து, பேரப்பிள்ளை கண்டவர்கள். வீட்டு வாசல் சுவரில் அந்த வீட்டுக் கலியாண அழைப்பைப் பிள்ளையார் படத்தோடு சாயத்தில் எழுதியிருப்பார்கள், மணமக்கள் பெயரும் நாளும் போட்டு. அடுத்த கலியாணம் வரும்வரை அது அங்கேயே வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கும். சமணக் கோயில்களுக்குள் கல் மெழுகாக இளகி நிற்கிறது, அவற்றின் கீழே பழைய ஓலைச்சுவடிகள் காக்கும் ஏட்டுக்கூடம் இருக்கிறது. அகை, சூரஜ், கணேஷ், ஹவா என்று நான்கு வாசல்களைக் கடந்து, வளைந்து வளைந்து மேலே போக வேண்டும். கடைசி வாசலுக்குள் நுழையும்போது வெளியே எவ்வளவு கொதித்தாலும் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். ஹவா என்ற பெயர் அதனால் வந்தது என்கிறார்கள் அங்குள்ளவர்கள். இது உயிரோடிருக்கும் ஊர். எனக்கு வருத்தம் தருவது இந்த ஊர் நனைந்துகொண்டிருப்பதுதான்.

ஒரு வருடத்தில் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மழைதான் பெய்யும் ஊர் அது. நம் பக்கத்தில் மாரி மாதத்தில் இரண்டு நாளில் அவ்வளவும் கொட்டிவிடும். அந்த மழையின்மையை நம்பித்தான் கோட்டையைக் கட்டியிருக்கிறார்கள். மணற்கல் சுவர், மரவளைகளின்மேல் மண் பரப்பிய கூரை, எப்போதாவது விழும் மழையை உடனே வெளியேற்றும் வடிகால்கள். அடியில் இருப்பது கருங்கல் மலை என்று நினைத்துவிடாதீர்கள். களிமண்ணும் மென்பாறையும் அடுக்கடுக்காகக் கலந்த குன்று அது. காய்ந்திருக்கும்வரை தாங்கும். ஈரம் புகுந்தால் வீங்கும், வழுக்கும், இடம் பெயரும்.

எண்ணூறு வருடம் அது தாங்கியதற்குக் காரணம், மேலே ஏறிய தண்ணீரில் பெரும்பகுதியைப் பெண்கள் தலையில் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான். கீழே 14ஆம் நூற்றாண்டுக் கடிசர் ஏரி. அங்கிருந்து குடத்தில் எடுத்து, அந்த நான்கு வாசல்களையும் ஏறிக் கொண்டுவந்த தண்ணீரை யாராவது வீணாக்குவார்களா? குளித்த நீரையும் வீணாக்காமல் மறுபடி பயன்படுத்திய வாழ்க்கை. பிறகு பைப் வந்தது. பஞ்சாபிலிருந்து பாலைவனத்துக்கு நீர் கொண்டுவர 1958இல் தொடங்கிய கால்வாய், இன்றைய இந்திரா காந்திக் கால்வாய், ஜெய்சல்மேர் மாவட்டம்வரை எட்டியது. அதற்காக அந்த மக்கள் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாலும் கடவுளுக்கு நன்றி சொன்னாலும் நியாயம்தான். தாய்மாரின் தலைச்சுமை இறங்கியது. ஆனால் குன்றின் உச்சிக்குத் தண்ணீர் தாராளமாக ஏறியபோது, அதைக் கீழே இறக்கும் வழி அதே அளவில் வளரவில்லை. கோட்டைக்குள் வீடுகள் விடுதிகளாயின. ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை, தண்ணீர் கொட்டும் மலசலகூடம், ஷவர், மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தாங்கி. பழைய வடிகால்கள் திணறின. கசிந்த நீர் குன்றுக்குள் இறங்கியது.

அதை என் கண்ணால் பார்த்தேன். மதிலின் வெளிப்பக்கம், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். கொத்தளத்தின் வயிற்றிலிருந்து ஒரு பைப் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயிலிருந்து ஒழுகிய நீர் கல்மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகவும் பச்சையாகவும் கோடு கிழித்திருக்கிறது. சுற்றி எந்தத் திசையில் பார்த்தாலும் காய்ந்த பழுப்பு நிறம், அந்தக் கோட்டில் மட்டும் பாசி. கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று வேர்விட்டு, இலை பளபளக்க நிற்கிறது. கோடு முடியும் இடத்தில் கல்லின் தோல் பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. உப்புப் பூத்த வெள்ளைத் தூள் விரலில் ஒட்டுகிறது. நம் வீட்டுப் பீலியில் ஓட்டை விழுந்து, மாரி முழுக்க அத்திவாரத்தின் ஒரே இடத்தில் தண்ணீர் கொட்டினால் சுவருக்கு என்ன நடக்குமோ, அது அங்கே மாரி கோடை பார்க்காமல் நடக்கிறது.

விளைவும் வந்துவிட்டது. 1990களின் கடைசியிலும் 2000ஐ ஒட்டிய வருடங்களிலும் கொத்தளங்கள் சரிந்தன, உயிர்களும் போயின. மொத்தம் 99 கொத்தளங்கள் உள்ள கோட்டை என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை என்பதைச் சொல்ல மாட்டார்கள். நியூயோர்க்கில் உள்ள உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் 1996, 1998, 2000 என்று திரும்பத் திரும்ப இக்கோட்டையைச் சேர்த்தது. இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு தொண்டு அமைப்பு தோன்றி, வீடுகளின் கழிவுநீரைச் சரியாக வடிக்கவும் பழைய அரண்மனைப் பகுதியைச் செப்பனிடவும் பணம் திரட்டியது. அரசாங்கமும் கழிவுக் குழாய்களை மாற்றும் வேலை செய்தது. ஆங்கிலப் பயண வழிகாட்டி நூல்களே கோட்டைக்குள் தங்குவதைத் தவிர்க்கும்படி வாசகருக்குச் சொல்லத் தொடங்கின. இத்தனைக்கும் பிறகு, 2024 ஓகஸ்ட் மழையில் மதிலின் ஒரு பகுதி இடிந்து கீழே வீதியில் விழுந்தது. வெள்ளைக்காரப் பயணி தன் புத்தகத்தைப் பார்த்துக் கீழே தங்குகிறான். நம் குழுவுக்கு அந்தச் செய்தியே வந்து சேரவில்லை. தமிழில் யாரும் சொல்லவில்லை, பயண நிரல் அச்சடிப்பவர் இணையத்தில் அழகான படத்தைப் பார்த்து அறை பிடிக்கிறார். என் மனக்குறை இதுதான்.

நம் குழுக்கள் போகும் காலத்தையும் கவனியுங்கள். அஜ்மீரில் அடங்கியிருக்கும் காஜா முயீனுத்தீன் சிஷ்தி நாயகம் (ரஹ்) அவர்களின் உரூஸ் ரஜப் மாதத்தில். இந்த வருடங்களில் ரஜப் டிசம்பரிலும் ஜனவரியிலும் வந்து விழுகிறது. ஜெய்சல்மேரில் அதுதான் உச்சப் பருவம். குளிர் காலம் என்பதால் உலகமே அங்கே நிற்கும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் கோட்டைக்குள் நாமும் பஸ் கணக்கில் போய் இறங்குகிறோம். கடலோரத்து ஆட்களான நமக்கு அந்தப் பாலைத் தூசு பொறுக்காது, ஒட்டகத்தில் ஏறி மணல்மேட்டில் உருண்டுவிட்டு வந்தால் தலைமுடிக்குள்ளும் மணல். அறைக்கு வந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக முழுக்குப் போடுவோம். ஒரு வாரத்து உடுப்பை ஊறவைத்து அலசிப் பிழிவோம். ராத்தாமாருக்கு இதில் எந்தத் தவறும் தெரிய நியாயமில்லை, வீட்டில் செய்வதைத்தான் செய்கிறார்கள். நம் வீட்டில் அது மணலுக்குள் போகிறது. அங்கே அது ஒரு நகரத்தின் அத்திவாரத்துக்குள் போகிறது.

தண்ணீர் விஷயத்தில் நம் மார்க்கம் எவ்வளவு நுணுக்கமானது என்பதை மௌலவிமார்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஓடும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்பது நாம் மத்ரஸாவில் படித்த பாடம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மிகச் சிறிதளவு நீரில் வுழூவை முடித்தார்கள் என்பதும் நாம் படித்ததுதான். சியாரத்துக்கென்று புறப்பட்ட பயணத்தில், வழியிலுள்ள இன்னொரு ஊராரின் வீடு நம் குளியலால் இடியக் காரணமாகலாமா? தர்கா போவது சரியா பிழையா என்று ஊரில் நடக்கும் விவாதத்துக்குள் நான் போகவில்லை. போகிறவரும் போகாதவரும் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

உங்களில் சிலர் இப்போதே பதில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். கோட்டைக்குள் விடுதி நடத்துபவரும் ஏழை எளிய குடும்பம்தானே, அவன் வயிற்றில் அடிப்பதா? நியாயமான கேள்வி. நானும் அங்குள்ள ஒரு வீட்டுக்காரரிடம் இதைப் பேசினேன். எங்களை வெளியேற்றிவிட்டுக் கோட்டையைப் பொம்மையாக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் கசப்போடு சொன்னார். எவரையும் வெளியேற்றச் சொல்லும் கூட்டத்தோடு நான் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் கல். அவர் குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீர் வேறு. இரவுக்கு இரவு மாறிவரும் விருந்தாளிகள் குளித்து, துவைத்து, ஊற்றும் தண்ணீர் வேறு. முதலாவதோடு அந்த ஊர் வாழ முடியும். இரண்டாவது பெருகப் பெருக, முதலாவது குடும்பத்தின் சுவர்தான் முதலில் வெடிக்கும். அவர்களுக்குப் பணம் போய்ச் சேர அறை வாடகை ஒன்றுதானா வழி? கோட்டைக்குள் பகல் சாப்பாடு சாப்பிடுங்கள், தேநீர் குடியுங்கள். அங்கேயே பிறந்த ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துங்கள், அவர் கேட்பதைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வெள்ளி வேலை, தோல் செருப்பு, துணி எல்லாம் அவர்களிடமே வாங்குங்கள். ஓர் இரவு வாடகையைவிடக் கூடுதலாகவே அந்தத் தெருவில் விட்டுவிட்டு வரலாம், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல்.

நாங்கள் நாற்பது பேர் ஓர் இரவு தங்கினால்தானா கோட்டை இடியப்போகிறது என்பார் இன்னொருவர். நாற்பது பேராகத்தான் எல்லாரும் வருகிறார்கள். ஒவ்வொரு குழுவும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் குழாயைத் திறக்கிறது.

நம் நாட்டிலேயே மக்கள் வாழும் கோட்டை ஒன்று இருக்கிறது. காலிக் கோட்டை, 1988இல் யுனெஸ்கோ பட்டியலுக்குள் வந்தது. ஒல்லாந்தர் அங்கே கட்டிய நிலத்தடி வடிகால்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள், கடல் ஏறி இறங்கும்போது அந்த நீரே அழுக்கை அடித்துக்கொண்டு போகும்படி அமைத்தார்கள். தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது என்பதைவிட எப்படி வெளியே போகிறது என்று யோசித்துக் கட்டியதால் அந்த ஊர் சுகமாக இருந்தது. ஆனால் காலிக்கு வேறொரு நோய் வந்தது. மீரான் பள்ளிவாசலைச் சுற்றி தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம்மவர்களில் பலர், விலை ஏற ஏற, வீடுகளை வெளியாருக்கு விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே குடிபோனார்கள். பழைய வீடுகள் பலவும் இன்று விடுதியும் கடையுமாகிவிட்டன. பாங்கு கேட்கிறது, ஸப்பில் நிற்க அந்தத் தெருக்காரர் குறைந்துபோனார். காலியைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நீங்கள். மரபுச் சின்னம் என்ற பெயர் ஓர் ஊரை எப்படி விழுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜெய்சல்மேரில் அதே விழுங்கலுக்கு நம் காசு துணைபோக வேண்டாம்.

இனி, கீழே தங்கினால் பயணம் குறைந்துபோகும் என்ற பயம். ஒரு குறையும் வராது. கோட்டையை அழகாகப் பார்க்க வேண்டுமென்றால் கீழே இருந்துதான் பார்க்க வேண்டும், உள்ளே படுத்திருப்பவனுக்கு அது தெரியாது. கீழ் நகரத்து விடுதிகளின் மொட்டைமாடியில் சுபஹ் தொழுதுவிட்டு உட்காருங்கள், குன்று முழுவதும் நிறம் மாறும். கீழே பள்ளிவாசல்கள் இருக்கின்றன, ஜமாஅத் கிடைக்கும். அந்த மாவட்டத்தில் சிந்தி பேசும் முஸ்லிம்கள் நிறையப் பேர். ஸலாம் சொன்னால் உட்கார வைத்துத் தேநீர் ஊற்றுவார்கள்.

நத்மல் மாளிகைக்குக் கட்டாயம் போங்கள். 1885இல் திவானாக இருந்தவருக்காகக் கட்டியது, சிற்பிகள் ஹாத்தி, லூலூ என்ற முஸ்லிம் சகோதரர் இருவர். ஒருவர் வலப்பக்கத்தையும் மற்றவர் இடப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டு செதுக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. கிட்டப் போய் ஒரு சன்னலை எடுத்து, அதற்கு நேரான மறுபக்கச் சன்னலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பூவும் கொடியும் வெவ்வேறு. பிள்ளைகளை அங்கே நிறுத்தி வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். டெல்லிச் சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் முற்றுகையை மட்டும் பேசிப் பெருமைப்பட்டுக்கொண்டு திரும்பும் இளைஞர்களுக்கு இந்தச் சகோதரர்களைக் காட்டுங்கள். அந்த நகரத்தோடு முஸ்லிம் கைகளுக்கு இருந்த உறவு வாளோடு முடியவில்லை.

மாங்கணியார்களையும் கேளுங்கள். அவர்கள் பரம்பரைப் பாடகர்கள், முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக இந்து ராஜபுத்திரக் குடும்பங்களின் கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பாடி, அந்தக் குடும்பங்களின் வம்சாவளியை மனத்தில் வைத்திருப்பவர்கள். கமாய்ச்சா என்று ஒரு வாத்தியம். மாமரத்தில் குடைந்த குடம், மேலே ஆட்டுத்தோல், வில்லை இழுத்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு நாதம். அதை வாசித்த ஹமீரா கிராமத்து சாக்கர் கானுக்கு 2012இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. நம் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் காலத்தில் பாவாமார் றபான் அடித்துப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த காது, அந்தப் பாட்டில் உடனே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். மொழி புரியத் தேவையில்லை. அவர்கள் பாட்டில் மழை அடிக்கடி வரும், ஏனென்று சொல்ல வேண்டியதில்லை. ஆடம்பர விடுதி ஒழுங்குபண்ணும் மணல்மேட்டு நிகழ்ச்சியில் பணத்தின் பெரும்பங்கு அவர்களுக்குப் போகிறதென்று எனக்கு நம்பிக்கை இல்லை. நேரே ஒரு குடும்பத்தைக் கண்டு பேசி, ஒரு மாலை பாடச் சொல்லி, பணத்தை அவர்கள் கையிலேயே வையுங்கள்.

குல்தாராவுக்கும் கூட்டிப் போவார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப்போன ஊர், இன்று பேய்க் கதை சொல்லி டிக்கட் விற்கிறார்கள். பேயை விட்டுவிட்டு அவர்களின் 'கடீன்' எங்கே என்று கேளுங்கள். சரிவில் நீளமாக ஒரு மண் அணை கட்டி, எப்போதாவது பெய்யும் மழையைப் பள்ளத்தில் தேக்கி, அந்த நீர் மண்ணில் ஊறிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைவித்தார்கள், வேறு நீர்ப்பாசனமே இல்லாமல். சேனாநாயக்க சமுத்திரத்து நீரை நம்பி இரண்டு போகம் செய்யும் நம் சம்மாந்துறை, நிந்தவூர்ப் போடிமார் யாராவது குழுவில் இருந்தால் அதைப் பார்த்துவிட்டு அந்த இடத்தைவிட்டு எழும்ப மாட்டார்கள். எங்கே நனைய வேண்டும், எங்கே காய்ந்திருக்க வேண்டும் என்று அந்த மண்ணின் மனிதர்கள் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள் பாருங்கள். வயல் நனைந்தது, கோட்டை காய்ந்திருந்தது. இப்போது அது தலைகீழாகிவிட்டது.

பயணக்குழு நடத்துநர்களே, இதில் உங்கள் கைதான் மேல். பயணிகள் நீங்கள் பிடித்துக் கொடுத்த அறையில்தான் படுப்பார்கள். அடுத்த ரஜபுக்கான துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போகுமுன் மூன்று மாற்றம் செய்யுங்கள். 'கோட்டைக்குள் ஓர் இரவு' என்பதை அடித்துவிட்டு, 'கோட்டைக்குள் ஒரு முழுப் பகல், இரவு கீழ் நகரில்' என்று போடுங்கள். எதற்காக என்று இரண்டு வரி காரணமும் அதிலேயே எழுதுங்கள், வாசிப்பவர் வீட்டில் போய்ச் சொல்லட்டும். கீழே விடுதி பேசும்போதும், கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பயணிகள் இப்படிக் கேட்கிறார்கள் என்பது தெரிந்தாலே விடுதிக்காரர் பைப்பைத் திருத்துவார். வேறு குழுக்காரர் 'நாங்கள் உள்ளேயே தங்க வைக்கிறோம்' என்று விளம்பரம் போட்டு உங்கள் ஆட்களை இழுப்பாரோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அதனால்தான் ஒருவர் தனியாகச் செய்யாமல், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை குழு நடத்துபவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடிப் பேசி ஒரே முடிவாக எடுக்கச் சொல்கிறேன். பள்ளிவாசல் நிர்வாகத்தார் அந்தக் கூட்டத்துக்கு இடம் தரட்டும், பயணம் புறப்படுமுன் நடக்கும் துஆவில் மௌலவி ஒருவர் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பயணம் போகிறவர்களே, துண்டுப்பிரசுரத்தில் அந்த வரி இன்னும் இருந்தால் நீங்களே கேளுங்கள். காசு கட்டுமுன் கேளுங்கள், கட்டிய பிறகும் கேளுங்கள். அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். உள்ளேதான் அறை பிடித்தாகிவிட்டது, மாற்ற வழியே இல்லை என்று ஆகிவிட்டால், அந்த ஓர் இரவுக்காவது ஷவரைத் தொடாதீர்கள். உடுப்பை மூட்டையாகக் கட்டி வையுங்கள், திரும்பும் வழியில் ஜோத்பூரில் துவைத்துக்கொள்ளலாம். ஒரு செம்பு நீரில் வுழூவை முடியுங்கள்.

கோட்டை வாசலிலிருந்து இறங்கி, கடிசர் ஏரிப் பக்கமாகவோ சந்தைப் பக்கமாகவோ உங்கள் விடுதிக்கு நடந்து போக அரை மணி நேரம்கூட ஆகாது. உம்மாமார் நடக்கச் சிரமப்பட்டால் ஆட்டோ இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
அந்த மதிலடியில் நின்று வந்த உங்கள் ஊரவன்
கல்முனைக்குடி